410 ஷாட்கன் வீட்டுக் காவலுக்குப் போதுமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு. அவர் மாதத்தில் பாதி நாள் வேலை விஷயமாக வெளியூரில். ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் குழந்தைகள். மாமியார் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். கொழுந்தன் மாணவர் விசாவில் எங்களோடு தங்கிப் படிக்கிறார். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நகை திருடு போனது. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கணவரின் நண்பர் ஒருநாள் அவருடைய 12 கேஜ் ஷாட்கனைச் சுடக் கொடுத்தார். ஒரே வெடியில் தோள் கன்றிப்போய் ஒரு வாரம் வலித்தது. நான் ஐந்தடி உயரம்தான். கடைக்காரர், “பெண்களுக்கு 410 போதும். பேர்ட்ஷாட் போட்டுக்கொள்ளுங்கள், சுவரைத் துளைக்காது, குறி பார்க்கவும் வேண்டாம்” என்கிறார். 410 தோட்டா போடும் ரிவால்வர் ஒன்றையும் காட்டினார். எதை வாங்குவது?

– ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்:

வணக்கம் சகோதரி. நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சரியான தோட்டா போட்டால் 410 வேலை செய்யும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் கைக்கு நான் கொடுப்பது 12க்கும் 410க்கும் நடுவில் உள்ள 20 கேஜ். பேர்ட்ஷாட் வேண்டாம், அந்த ரிவால்வரும் வேண்டாம். சுவரைத் துளைக்காது என்று கடைக்காரர் சொன்னது தவறு. குறி பார்க்க வேண்டாம் என்றாரே, அது அதைவிட ஆபத்தான தவறு.

டாலஸ் பக்கத்தில் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் நம் ஊர்ப் பெண்களில் பலர் இதே 12 கேஜ் கதையோடுதான் வருகிறார்கள். அதனால் உங்கள் தோளிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தத் துப்பாக்கியின் தோள் கட்டை பெரும்பாலும் விசையிலிருந்து 14 அங்குல நீளம் இருந்திருக்கும். ஆறடி ஆணுக்கு அளவெடுத்துச் செய்த நீளம் அது. ஐந்தடி உயரமுள்ளவர் அதைத் தூக்கினால் கட்டை தோள் குழிக்குள் உட்காராது, வெளியே நழுவி மேற்கை எலும்பின் மேல் நிற்கும். முன்கை எட்டாது. எட்ட வைக்க முதுகைப் பின்னால் வளைப்பீர்கள். உடம்பின் எடை குதிகாலுக்குப் போய்விடும். இந்த நிலையில் வெடித்தால் உதைப்பு முழுவதையும் அந்த ஒரு எலும்பு வாங்கிக்கொள்ளும். உங்களுக்குக் கன்றிப்போனது காறை எலும்புக்குக் கீழே உள்ள சதைக்குழியிலா, கை தொடங்கும் இடத்திலா? கை தொடங்கும் இடத்தில் என்றால் பாதிக் குற்றம் கட்டையின் நீளத்தில். கேஜ் மீது மட்டும் பழி போட வேண்டாம். மீதிக் குற்றம் நண்பர் கொடுத்த தோட்டாவில் இருக்கலாம். முதல்முறை சுடுபவர் கையில் முழு வேகத் தோட்டாவைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது இங்கே சிலருக்கு ஒரு விளையாட்டு. எனக்கு அது பிடிப்பதே இல்லை.

ஆக, உதைப்பைக் குறைக்க மூன்று வழி உண்டு: கட்டையைக் குட்டையாக்குவது, மென்மையான தோட்டா போடுவது, சிறிய குழலுக்குப் போவது. கடைக்காரர் மூன்றாவதை மட்டும் சொன்னார், அதிலும் கடைசிப் படிக்கே இறங்கிவிட்டார்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாக ஈய உருண்டை வார்த்தால் ஒரு பவுண்டுக்கு எத்தனை உருண்டை வரும் என்பதே கேஜ். 12 கேஜ் குழல் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது குழலின் விட்டத்தையே அங்குலத்தில் சொல்வது, அதாவது 0.410 அங்குலம், பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தோட்டாவைக் கையில் எடுத்தால் ஸ்கெட்ச் பேனா பருமன்தான் இருக்கும். 28 கேஜைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். பறவை வேட்டைக்கு அருமையான துப்பாக்கி, தற்காப்புக்கான தோட்டா அதற்குக் கடைகளில் அநேகமாகக் கிடைக்காது.

இப்போது 410 தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இதில்தான் முடிவே இருக்கிறது.

பேர்ட்ஷாட் என்பது பறவைக்கும் களிமண் தட்டுக்கும் சுடுகிற பொடி ரவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 7½ நம்பர் ரவை இரண்டரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டரை அங்குல 410 தோட்டாவில் அது மொத்தம் அரை அவுன்ஸ், 14 கிராம். ஒவ்வொரு ரவையும் லேசு என்பதால் உடம்பில் சில அங்குலத்தோடு நின்றுவிடும். தோல் கிழியும், ரத்தம் கொட்டும், பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் குடித்துவிட்டோ போதையிலோ வெறியோடு வருபவனை நிறுத்தும் என்று நம்ப முடியாது. தற்காப்புத் தோட்டாக்களுக்கு அமெரிக்காவில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எஃப்.பி.ஐ.யுடையது: உடம்புச் சதைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். 1986ல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்த பிறகு யோசித்து வகுத்தது அது. பேர்ட்ஷாட் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே வராது.

பக்‌ஷாட் கதை வேறு. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கிக்குப் பால்ரஸ் குண்டு என்பார்களே, அதுபோல் பெரிய ஈயக் குண்டுகள். 410க்கு வரும் மூன்று சைபர் பக்‌ஷாட்டில் ஒவ்வொரு குண்டும் 0.36 அங்குலம், சுமார் நாலரை கிராம். இரண்டரை அங்குலத் தோட்டாவில் மூன்று அல்லது நான்கு குண்டு, மூன்று அங்குலத் தோட்டாவில் ஐந்து. நீளக் குழலிலிருந்து வரும்போது இவை 12 அங்குலத்தைத் தாண்டிவிடும். 410 வேலை செய்யும் என்று நான் சொன்னது இந்த ஒரு தோட்டாவை நம்பித்தான். வட்டத் தகடும் சின்ன ரவையும் கலந்து அடைத்த தோட்டாக்கள் அழகான பெட்டியில் வருகின்றன. அவற்றைவிட வெறும் பக்‌ஷாட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். 410 ஸ்லக், அதாவது ஒற்றைக் குண்டு, ஐந்தாறு கிராம்தான். அதற்காக ஷாட்கன் தூக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். மூன்று அங்குலத் தோட்டா போடக்கூடிய துப்பாக்கியில் இரண்டரை அங்குலம் போடலாம், மாற்றிப் போடக்கூடாது. எது போடலாம் என்பது குழலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். பழைய துப்பாக்கி வாங்கினால் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரி, 12 கேஜோடு ஒப்பிட்டால்? சாதாரண 12 கேஜ் பக்‌ஷாட்டில் எட்டு அல்லது ஒன்பது குண்டு, மொத்தம் 30 கிராம் அளவில். 410 மூன்று அங்குலத்தில் ஐந்து குண்டும் சேர்ந்து 22 கிராம் போல. உதைப்போ 12 கேஜைவிட நிறையவே குறைவு. இப்படிப் பார்த்தால் 410 நல்ல பேரம் போலத் தெரியும். பிறகு ஏன் நான் தயங்குகிறேன்?

முதல் காரணம், 410ல் பிழைக்கு இடம் குறைவு. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஸ்கீட் போட்டிகளில் 12, 20, 28, 410 என்று தனித்தனிப் பிரிவு உண்டு. கை தேர்ந்தவர்களுக்கே 410 பிரிவில்தான் தட்டு தப்பும். ரவை குறைவு என்பதுதான் காரணம். ‘பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 410’ என்று கடைகளில் சொல்லிச் சொல்லி, பழகியவர் எடுக்க வேண்டியதைப் புதியவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, தோட்டா விலை. 410 தோட்டா 12 கேஜையும் 20 கேஜையும்விட விலை அதிகம், எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. விலை அதிகமானால் பயிற்சி குறையும், குறைந்ததை என் வகுப்பிலேயே பார்க்கிறேன். மூன்றாவது, நீளமாக, மெலிதாக இருக்கும் அந்தத் தோட்டா, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோக்களில் முரண்டு பிடிக்கும். 410 என்றால், முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 கேஜுக்கு இந்தக் குறை எதுவும் இல்லை. சாதாரண இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவில் 3 நம்பர் பக்‌ஷாட், கால் அங்குலக் குண்டு 20 இருக்கும். துப்பாக்கி 12 கேஜைவிட லேசு, உதைப்பும் தெளிவாகவே குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியம், குட்டைக் கட்டையோடு கடையில் தயாராகக் கிடைக்கும். மாஸ்பெர்க் கம்பெனியின் 500 பம்ப்பில் பாண்டம் (Bantam) என்ற வகை 13 அங்குலக் கட்டையோடு வருகிறது. பெட்டியில் ‘யூத்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். அந்தக் கட்டை தோள் குழியில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்று சுட்டால், கன்றிப்போகாது என்று தைரியமாகச் சொல்வேன். காஸில் இயங்கும் செமி-ஆட்டோவானால் உதைப்பு இன்னும் மெதுவாகத் தெரியும், விலை கூடும்.

பம்பில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. முதல் வெடியின் அதிர்ச்சியில் முன்கட்டையை முழுதாகப் பின்னுக்கு இழுக்காமல் பாதியிலேயே முன்னால் தள்ளிவிடுவார்கள். காலித் தோட்டா வெளியே போகாது, அடுத்தது ஏறாது, துப்பாக்கி வெறும் தடியாகிவிடும். பலவீனமாகத் தயங்கித் தயங்கி இழுப்பவர்களுக்குத்தான் இது வரும். காலித் தோட்டா துப்பாக்கியை விட்டுத் தெறித்து விழும்படி முரட்டுத்தனமாக இழுக்க வேண்டும். டம்மித் தோட்டா போட்டு வீட்டிலேயே பழகலாம்.

ஒரு எச்சரிக்கை. 12 கேஜ் குழலுக்குள் 20 கேஜ் தோட்டா தவறி விழுந்தால் பின்பக்கமே நிற்காது, உள்ளே நழுவி, கொஞ்சம் முன்னால் குழல் சிறுக்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று அதன் பின்னால் ஒரு 12 கேஜைப் போட்டு விசையை இழுத்தால் குழல் கைக்குள்ளேயே பிளந்துவிடும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சளாக இருப்பதன் காரணம் இதுதான். நண்பரோடு சேர்ந்து சுடப் போனால் இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே பையில், ஒரே மேசையில் இருக்கக்கூடாது.

ரிவால்வர் விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். அது 45 கோல்ட் (Colt) என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவும் போடும்படி செய்தது, அதனால் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் புரிவெட்டு உண்டு. அந்தப் புரி ரவைக்கூட்டத்தைச் சுழற்றிச் சிதறடிக்கும். குழல் குட்டை, வேகமும் குறைவு. ஒரு கையளவுத் துப்பாக்கியை நேராகச் சுடப் பழகுவது ஷாட்கனைவிடப் பல மடங்கு கடினம், அதை யாரும் கடையில் சொல்வதில்லை.

இனி சுவர். இங்கே உள்சுவர் என்பது இரண்டு பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று, அங்கங்கே மரச்சட்டம். செங்கல் சுவரில் வளர்ந்த நமக்கு இது மனதில் பதிவதில்லை. பக்‌ஷாட் இப்படிப்பட்ட சுவர்களை ஒன்றுக்கு மேல் தாண்டும், 410 ஆனாலும் 20 ஆனாலும் 12 ஆனாலும். ஒரு அறை தூரத்தில் சுட்டால் பேர்ட்ஷாட்டே ஒரு சுவரின் இரண்டு பலகையையும் கடந்துவிடும், ஏனென்றால் அந்தத் தூரத்தில் ரவை இன்னும் பிரியாமல் கட்டியாகவே போகிறது. சுவரைத் துளைக்காமல் ஆளை மட்டும் நிறுத்தும் தோட்டா எதுவும் இல்லை. அதனால் எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் எந்தக் காரணத்துக்காகவும் சுடக்கூடாது என்பதை இன்றே வீட்டுக்குள் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரவை பிரியாமல் போகும் என்பதிலேயே குறி பார்க்க வேண்டாம் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. ஷாட்கன் ரவை தோராயமாக மூன்றடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் விரியும். உங்கள் வீட்டில் அதிகபட்சத் தூரம் எவ்வளவு? படுக்கையறை வாசலிலிருந்து மாடிப்படித் தலைப்பு வரை 20 அடி இருந்தால் அதிகம். அந்தத் தூரத்தில் குண்டுகள் எல்லாம் விரித்த கையின் அளவுக்குள், ஏழு அங்குலம் போல, அடங்கிவிடும். கதவளவு மழை பொழிவதெல்லாம் சினிமாவில்தான். டேப் வைத்து அந்தத் தூரத்தை அளந்துகொண்டு, பயிற்சிக்கூடத்தில் அதே தூரத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவால் சுட்டுப் பாருங்கள். ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டா இன்னொன்றில் வேறு மாதிரி விழும். துளைகளைப் பேனாவால் வட்டமிட்டு அந்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி மாமியாரைப் பற்றியது. ஊரிலிருந்து வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் ராத்திரி மூன்று மணிக்குத்தான் விடியும். எழுந்து கீழே போய், விளக்குப் போட்டால் பிள்ளைகள் விழிக்குமே என்று இருட்டிலேயே தண்ணீர் தேடுவார். கொழுந்தன் லைப்ரரியிலிருந்து நள்ளிரவில் திரும்புவார், சாவி இல்லாவிட்டால் பின்கதவைத் தள்ளிப் பார்ப்பார். உங்கள் வீட்டில் இருட்டில் நடமாடும் உருவம் நம் வீட்டு ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1992ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு வீடு மாறிப் போன 16 வயது ஜப்பானிய மாணவனை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன உயிர் போனதுதான். ஆகவே முகம் தெரியாமல் சுடக்கூடாது. கைவிளக்கு கட்டாயம். அதைவிட எளிது, வராந்தா விளக்கின் சுவிட்சை உங்கள் அறைக்குள்ளிருந்தே போடும்படி ஒரு ஸ்மார்ட் பல்ப் மாட்டிவிடுவது.

சத்தம் கேட்டால் கீழே இறங்கித் தேடப் போகாதீர்கள். குழந்தைகளையும் மாமியாரையும் ஒரே அறைக்குள் கூட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, 911 அழைத்து, லைனை வைக்காமல், “போலீஸ் வருகிறது, போய்விடு” என்று கத்துங்கள். துப்பாக்கி அந்தக் கதவை நோக்கி மட்டும். குழந்தைகள் இருக்கும் அறை எதிர்ப்பக்கம் என்றால், கூடும் அறையைக் குழந்தைகளின் அறையாகவே வைத்துக்கொள்ளலாம். டெக்சஸ் சட்டம் வீட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைபவனுக்கு எதிராக வீட்டுக்காரருக்கு நிறையவே இடம் கொடுக்கிறது. கார் ஷெட்டிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட அதை நம்பிப் போகாதீர்கள். ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

அந்த வக்கீல் குடியேற்றச் சட்டமும் தெரிந்தவராக இருக்கட்டும். கிரீன் கார்டு உள்ள நீங்கள் வாங்கலாம். கடையில் 4473 படிவம் நிரப்பினால் பின்னணிச் சோதனை நடக்கும். ஆனால் கொழுந்தனும் மாமியாரும் விசாவில் இருப்பவர்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம், 15 ஆண்டு வரை சிறை, கூடவே நாடு கடத்தல். எஃப்-1, எச்-1பி, எச்-4, விசிட்டர் எல்லாம் இதில் அடக்கம். ‘கையில்’ என்பதற்கு எட்டும்படி வைத்திருப்பது என்றும் பொருள் வரும். சேஃப்பின் எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரியட்டும். “கொழுந்தனாரே, இதைக் கொஞ்சம் காரில் வையுங்கள்” என்ற சின்ன வேலைகூட அவரிடம் சொல்லாதீர்கள். ஆசைக்கு ஒருநாள் அவரைச் சுடக் கூட்டிப் போவதும் வக்கீல் சரி என்று சொன்ன பிறகுதான்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அலமாரி மேல் தட்டு, கட்டிலுக்கடியில், புடவை மடிப்புக்குள் எல்லாம் ஒளித்து வைப்பது ஆகாது. ஒன்பது வயதுக்குத் தெரியாத இடம் வீட்டில் இல்லை. விரல் பட்டால் திறக்கும் நீள சேஃப் ஒன்றைச் சுவரில் போல்ட் போட்டு மாட்டுங்கள். உள்ளே தோட்டாக் குழாயில் தோட்டா இருக்கலாம், சுடும் அறை, அதாவது குழலின் பின்முனையில் வெடிக்கத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம், காலியாக இருக்க வேண்டும். டெக்சஸில் உங்கள் கவனக்குறைவால் தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டாலே உங்கள் மேல் குற்றம். இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், தூக்கமில்லை என்று எழுதிய உங்களையும் சேர்த்தே சொல்கிறேன், இப்போதைக்கு வாங்காமல் தள்ளிப் போடுங்கள்.

தெருவில் நடந்த நகைத் திருட்டுக்கு வருவோம். அநேகமாக வீட்டில் ஆள் இல்லாதபோது நடந்திருக்கும், பெரும்பாலானவை அப்படித்தான். நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று நோட்டமிட்டு வருகிறவர்களுக்குத் தீபாவளியும் கல்யாணமும் எப்போது என்று தெரியும். அதற்குத் துப்பாக்கி பதில் இல்லை. நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். அப்புறம் வாசல் கதவின் தாழ்ப்பாள் விழும் தகட்டைப் பாருங்கள். வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் முக்கால் அங்குலத் திருகாணி போட்டிருப்பார்கள், ஒரு உதையில் பிய்ந்துவிடும். மூன்று அங்குலத் திருகாணியாக மாற்றினால் சுவரின் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேர வேலை.

கடைசியாக, எதையும் இப்போதே வாங்க வேண்டாம். வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும் பயிற்சிக்கூடமாகப் பார்த்து, குட்டைக் கட்டை வைத்த 20 கேஜ் பம்ப் ஒன்றையும் 410 பம்ப் ஒன்றையும் ஒரே நாளில் எடுங்கள். முதலில் இரண்டிலும் பேர்ட்ஷாட்டில் தொடங்கி, பிறகு பக்‌ஷாட்டுக்குப் போங்கள். பேர்ட்ஷாட்டின் உண்மையான வேலை பயிற்சிதான். 20 கேஜில் ஐந்து வெடிக்குப் பிறகும் கண்ணை மூடாமல் சுட முடிந்தால் அதையே வாங்குங்கள். முடியாவிட்டால் 410ஐ மூன்று சைபர் பக்‌ஷாட்டோடு மனநிறைவாக எடுத்துக்கொள்ளுங்கள், யார் கேலி செய்தாலும் கவலைப்படாதீர்கள். காதுக்குள் ஃபோம் இயர்ப்ளக், மேலே சத்தம் தடுக்கும் காதுக்கவசம், இரண்டும் போடுங்கள். கழுத்து இறுகிய சட்டை அணிந்து போங்கள். பக்கத்தில் சுடுபவரின் சூடான காலித் தோட்டா சட்டைக்குள் விழுந்து, கையில் துப்பாக்கியோடு துள்ளுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.